மரம் வெட்டுவதைக்கூடப் படித்துத்தான் கற்க வேண்டுமா?

ஸ்கூட்டர் ஓட்ட வேண்டுமென்றால் முதலில் எல்.எல்.ஆர். எடுக்க வேண்டும். முப்பது நாள் பொறுத்திருந்து, ஆர்.டி.ஓ. மைதானத்தில் காலைத் தரையில் ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். (எட்டுப் போட்டுப் பாஸானவர்கள் மறுநாள் சாலையில் எப்படி ஓட்டுகிறார்கள் என்பது வேறு கதை.) ஆனால் செயின்சா வாங்குவதற்குக் கையில் பணம் இருந்தால் போதும். கடைக்காரர் பெட்டியைப் பிரித்து, பெட்ரோலில் டூ-டி ஆயில் எவ்வளவு கலப்பது, சங்கிலிக்கு ஆயில் எங்கே ஊற்றுவது, கயிற்றை எப்படி இழுத்து ஸ்டார்ட் செய்வது என்று காட்டுவார். பத்து நிமிடம் ஆகும். அதோடு படிப்பு முடிந்தது. மறுநாள் காலை அந்த மெஷின் ஏதோ ஒரு புளிய மரத்தடியில் உறுமிக்கொண்டிருக்கும்.

மரம் வெட்டுவதற்கெல்லாம் வகுப்பா, பரீட்சையா என்று கேட்பவர்கள் உண்டு. பாட்டன் காலத்திலிருந்து வெட்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் வகுப்பு வேண்டும், பரீட்சையும் வேண்டும் என்பதே சரியான பதில். அதிலும் வருஷா வருஷம் புயலை எதிர்பார்த்துக் காத்திருக்கும் கடலோர மாவட்டங்களில் இது தள்ளிப்போடக்கூடிய விஷயமே இல்லை.

முதலில் மெஷினைப் பார்க்கலாம். முழு வேகத்தில் செயின்சாவின் சங்கிலி நொடிக்கு இருபது மீட்டர் அளவில் ஓடுகிறது. கணக்குப் போட்டால் மணிக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல். கத்தி வெட்டினால் கோடு போல வெட்டும், தையல் போடலாம். செயின்சாவின் பல் அப்படி வெட்டாது, சதையைச் செதுக்கி எடுத்துக்கொண்டு போகும். மரத்தில் அது செய்யும் வேலையும் அதுதானே. காயங்கள் பெரும்பாலும் காலிலும் இடது கையிலும் விழுகின்றன.

இதில் மிகவும் ஆபத்தானது ‘கிக்-பேக்’. சங்கிலி ஓடும் நீண்ட தகட்டின் நுனி வளைவாக இருக்கும். அந்த வளைவின் மேல் பகுதி எதிலாவது பட்டால், ஓடுகிற சங்கிலி ஒரு கணம் சிக்கிக்கொள்கிறது. சங்கிலிக்குப் போக வேண்டிய வேகம் முழுவதும் மெஷினையே தூக்கி, வெட்டுபவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி எறிகிறது. ‘ஐயோ’ என்று நினைப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடும். மனித மூளை அவ்வளவு சீக்கிரம் கைக்கு உத்தரவு போடாது. 1970களில் செயின் பிரேக் வந்தது இதற்காகத்தான். முன் கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் அந்தப் பிளாஸ்டிக் தடுப்பு வெறும் அலங்காரம் இல்லை. மெஷின் துள்ளும்போது அந்தத் தடுப்பு முன்னால் தள்ளப்பட்டு, சங்கிலி சட்டென்று நின்றுவிடுகிறது. பழைய மெஷின்களில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ‘மறைக்குது சார்’ என்று வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு முன்னால் இடது கையின் கட்டை விரல் கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும், மற்ற விரல்களோடு சேர்த்து மேலே வைக்கக் கூடாது என்பதையும் அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இது மிகச் சின்ன விஷயம். ஆனால் மெஷின் துள்ளும்போது அது கையிலேயே நிற்குமா, கையை விட்டுப் பறக்குமா என்பதை அந்தக் கட்டை விரல்தான் தீர்மானிக்கிறது.

இவ்வளவும் மெஷினைப் பற்றியது. இதைக் கையேட்டைப் படித்தும், யூடியூபில் பார்த்தும் ஓரளவு தெரிந்துகொள்ளலாம் என்று ஒருவர் வாதாடலாம். வாதாடட்டும். பயிற்சியின் உண்மையான தேவை மெஷினில் இல்லை, மரத்தில் இருக்கிறது.

நிற்கிற ஒரு மரத்தை நினைத்த இடத்தில் விழவைப்பது என்பது அதை அறுத்துத் துண்டாக்குவது அல்ல. முழுவதும் அறுத்துவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்கு விழும். அறுக்காமல் விட்டுவைக்கும் பகுதிதான் மரத்தை வழிநடத்துகிறது. விழ வேண்டிய பக்கத்தில் முதலில் ஒரு முன்வெட்டு, தர்பூசணியில் துண்டு போட்டு எடுப்பது மாதிரி. மரத்தின் விட்டத்தில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் ஆழம். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து பின்வெட்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு பட்டை மரம் அறுபடாமல் நிற்க வேண்டும். கதவுக்குக் கீல் எப்படியோ, அப்படி மரத்துக்கு அந்தப் பட்டை. நாற்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள மரம் என்றால் அந்தக் கீல் ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் இரண்டு என்று போனால், விழும்போது மரம் தடிமனான பக்கம் இழுபட்டுத் திரும்பும். அறுத்தே விட்டால் கீலே இல்லாத கதவுதான். யார் மேல் சாயும் என்று யாருக்கும் தெரியாது.

சாய்வான மரம் என்றால் கதையே வேறு. முன்பக்கம் நன்றாகச் சாய்ந்து நிற்கும் மரத்தைப் பின்னாலிருந்து வழக்கம்போல அறுத்தால், பாதி அறுப்பதற்குள் மரம் தன் எடை தாங்காமல் விழ ஆரம்பிக்கும். கீலாக மாறும் அளவுக்கு அறுபடாத மரம் மடங்காது. நெடுக்காகப் பிளக்கும். பிளந்த பின்பாதி மேலே எகிறி, பின்னால் நிற்பவரின் தலை உயரத்தில் வந்து அடிக்கும். பிளந்து நிற்கும் உருவத்தைப் பார்த்து இதற்கு ‘பார்பர் சேர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், சலூன் நாற்காலி. கேட்கச் சிரிப்பாக இருக்கும் இந்தப் பெயருக்குப் பின்னால் பல நாடுகளில் பல சாவுகள் இருக்கின்றன. இதற்கு வழி இருக்கிறது. ரம்பத்தின் நுனியைப் பக்கவாட்டில் மரத்துக்குள் செலுத்தி, முதலில் கீலை அமைத்துவிட்டு, பின்பக்கம் ஒரு பட்டையை மட்டும் விட்டுவைக்க வேண்டும். எல்லாம் தயாரான பிறகு அந்தப் பட்டையைக் கடைசியாக அறுத்தால் மரம் ஒரே மூச்சில் விழும். ஆனால் கவனியுங்கள், நுனியை மரத்துக்குள் செலுத்துவது என்பது மேலே சொன்ன கிக்-பேக் ஆபத்தோடு நேருக்கு நேர் விளையாடுவது. நுனியின் கீழ்ப்பகுதியால் தொடங்கி, கொஞ்சம் உள்ளே போனதும் திருப்ப வேண்டும். இதைக் கையைப் பிடித்துச் சொல்லித்தர ஒருவர் பக்கத்தில் இல்லாமல் யாரும் முதல் தடவை செய்யக் கூடாது. யூடியூப் பாதிதான் சொல்லித்தரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

‘கேம் ஆஃப் லாகிங்’ என்று ஒரு பயிற்சி அமெரிக்காவில் பிரபலம். அதை உருவாக்கியவர் சோரன் எரிக்சன் என்ற ஸ்வீடன்காரர். அதில் மெஷினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே மரத்தைச் சுற்றி வந்து ஒரு திட்டம் போட வேண்டும். மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா? மரம் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருக்கிறது? விழ ஆரம்பித்ததும் எந்த வழியாக ஓடுவது? கீல் எவ்வளவு? பின்வெட்டை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? இதற்கெல்லாம் பதில் சொன்ன பிறகுதான் கயிற்றை இழுக்கலாம். மரம் விழ வேண்டிய இடத்தில் ஒரு முளைக்குச்சி அடித்துவைத்து, மரம் அதிலிருந்து எவ்வளவு தள்ளி விழுந்தது என்று அளந்து மார்க் போடுவார்கள். விளையாட்டு மாதிரி இருக்கும், அதனால்தான் அந்தப் பெயர்.

பரீட்சை என்று சொன்னதும் கேள்வித்தாளை நினைக்க வேண்டாம். இந்தப் படிப்பில் விடைத்தாள் அடிமரம்தான். மரம் விழுந்த பிறகு பயிற்றுநர் குனிந்து அந்த அடிமரத்தைப் படிக்கிறார். கீல் இரண்டு ஓரத்திலும் ஒரே தடிமனா? முன்வெட்டின் இரண்டு கோடுகளும் சரியாகச் சந்தித்திருக்கின்றனவா, ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றனவா? பின்வெட்டு எந்த உயரத்தில் இருக்கிறது? மரம் சரியான இடத்தில் விழுந்திருந்தாலும் அடிமரம் தப்பாக இருந்தால் தப்புதான். இது முக்கியமான இடம். முறையான பயிற்சிக்கும் ‘அனுபவ’த்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

அனுபவம் போதாதா என்ற கேள்விக்கு வரலாம். இருபது வருஷமாக மரம் வெட்டுகிறவருக்கு நாலு நாள் வகுப்பில் என்ன சொல்லித்தந்துவிட முடியும்? ஊர்ப்பக்கத்து மரம்வெட்டிகளின் அறிவைக் குறைத்துச் சொல்வது மடத்தனம். எந்தப் பக்கம் கயிறு கட்ட வேண்டும், காற்று எந்தத் திசை, எந்த மரம் வைரம் பாய்ந்தது, எது உள்ளே பொந்து விழுந்தது என்று கோடாலியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். கீல் என்ற சொல்லைக் கேள்விப்படாமலே கீல் விட்டு வெட்டியவர்கள் அவர்கள். ஆனால் அந்த அறிவு கோடாலியோடும் இழுவாளோடும் வளர்ந்த அறிவு. கோடாலி மெதுவான கருவி. மரம் சாவதற்கு முன்னால் முனகும், நார் அறுபடும் சத்தம் கேட்கும், விலகுவதற்கு நேரம் கிடைக்கும். செயின்சா அந்த நேரத்தை விழுங்கிவிட்டது. அரை மணி நேர வேலை இரண்டு நிமிடத்தில் முடிகிறது. காதைப் பிளக்கும் இரைச்சலில் மரத்தின் முனகல் கேட்பதே இல்லை. மெஷின் மாறிவிட்டது, பழக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது.

இன்னொன்று. நூறு தடவை தப்பாக வெட்டினாலும் தொண்ணூற்றொன்பது தடவை ஒன்றும் ஆகாது. மரம் பெரும்பாலும் தான் சாய்ந்த பக்கம் விழுந்துவிடும், வெட்டியவர் ‘நான்தான் விழவைத்தேன்’ என்று நம்பிக்கொள்வார். தப்பான பழக்கம் ஒவ்வொரு தடவையும் பாராட்டு வாங்கிக்கொண்டே வளர்கிறது. சமையலில் உப்பு அதிகமானால் அன்றைக்கே தெரிந்துவிடும், மறுநாள் திருத்தலாம். இந்தத் தொழிலில் தப்பு என்ன என்று தெரியவரும் நாளில் திருத்திக்கொள்ள ஆள் இருப்பதில்லை. இருபது வருஷ அனுபவம் உள்ளவர்கள் பேசுவதை எல்லோரும் கேட்கிறார்கள். பத்தாவது வருஷத்தில் போனவர்கள் வந்து பேசுவதில்லை. அடிமரத்தைப் படித்து, ‘இன்றைக்கு நீ பிழைத்தது அதிர்ஷ்டம்’ என்று சொல்ல ஒரு மூன்றாவது ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர்தான் பயிற்றுநர்.

இதையெல்லாம் ஒரு நாடு எப்படிக் கற்றுக்கொண்டது என்பதற்கு ஸ்வீடன் நல்ல உதாரணம். காட்டு வேலையில் ஊறிய நாடு அது. ஹஸ்க்வர்னா மெஷின்கள் அங்கிருந்துதான் வருகின்றன. 2005 ஜனவரியில் ‘குட்ருன்’ என்ற புயல் தெற்கு ஸ்வீடனை அடித்தது. ஒரே இரவில் சுமார் 7.5 கோடி கன மீட்டர் மரம் சாய்ந்தது. அந்த நாடு முழுவதும் ஒரு வருஷத்தில் வெட்டும் மரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். தங்கள் தோப்பைத் தாங்களே சுத்தம் செய்யலாம் என்று செயின்சாவோடு இறங்கினார்கள் மரத்தோட்டக்காரர்கள். புயலில் தப்பித்தவர்கள் சிலர் புயலுக்குப் பிறகு விழுந்து கிடந்த மரங்களால் செத்துப்போனார்கள். அதன் பிறகு ‘செயின்சா லைசென்ஸ்’ என்ற படிப்படியான பயிற்சி அங்கே வேரூன்றியது. 2012இல் வந்த அரசு விதி, வேலையாகச் செயின்சாவை எடுப்பவருக்குப் பயிற்சி பெற்றதற்கான சான்று வேண்டும் என்றே சொல்லிவிட்டது. பிரிட்டனில் 1998ஆம் ஆண்டின் வேலைக்கருவி விதிகள் பயிற்சியைக் கட்டாயமாக்கின. அங்கே தொடக்க நிலைச் சான்றிதழ் வாங்கியவர் 38 சென்டிமீட்டர் விட்டம் வரையுள்ள மரங்களை வெட்டலாம், அதற்கு மேல் வேறு படிப்பு.

ஐரோப்பியச் செயின்சா சான்றிதழ் என்று பொதுவான ஒன்றும் இருக்கிறது. அதன் நாலு நிலைகளைப் பார்த்தால் ஒரு விஷயம் முகத்தில் அறைகிறது. முதல் நிலையில் மெஷின் பராமரிப்பு, தரையில் கிடக்கும் மரத்தைத் துண்டு போடுவது. இரண்டாவதில் சிறிய மரங்களை வெட்டுவது. மூன்றாவதில் பெரிய, சிக்கலான மரங்கள். புயலில் விழுந்த, முறிந்த மரங்கள் எந்த நிலையில் வருகின்றன தெரியுமா? நாலாவதில். எல்லாவற்றுக்கும் கடைசியில்.

ஏன் அப்படி? விழுந்து கிடக்கிற மரம்தானே, இனி எங்கே விழப்போகிறது என்று தோன்றும். அங்கேதான் ஏமாற்று. நிற்கிற மரத்தில் பாரம் ஒரே பக்கம் இழுக்கிறது. புயலில் விழுந்த மரம் இழுத்துக் கட்டிய வில். கிளைகள் தரையில் ஊன்றி, நடுமரம் அந்தரத்தில் நிற்கும். ஒரு பக்கம் அமுங்கியிருக்கும், மறுபக்கம் விறைத்திருக்கும். அமுங்கிய பக்கம் அறுத்தால் ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். விறைத்த பக்கம் யோசிக்காமல் அறுத்தால் மரம் வெடித்து நிமிரும், எதிரே நிற்பவரின் நெஞ்சில் அடிக்கும். அமுங்கிய பக்கம் கொஞ்சம், பிறகு விறைத்த பக்கம் மெதுவாக, அதுவும் மரம் எகிறாத பக்கமாக நின்றுகொண்டு என்பதுதான் முறை. அடுத்தது வேர். வேரோடு சாய்ந்த மரத்தில் மண்ணும் வேருமாக ஒரு பெரிய தட்டு சுவர்போல எழுந்து நிற்கும். நடுமரத்தை அறுத்துப் பாரம் குறைந்தவுடன், அந்த டன் கணக்கான மண்தட்டு சடாரென்று பழைய குழியிலேயே போய் உட்காரும். குழிக்குள் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். பக்கத்து மரத்தில் சாய்ந்து தொங்கும் மரம் இன்னொரு வகை. அதன் கீழே போய் நிற்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பிரயோஜனமில்லை.

2016 டிசம்பரில் வர்தா சென்னையை அடித்தபோது தெருவுக்குத் தெரு தூங்குமூஞ்சியும் குல்மோகரும் வேரோடு கிடந்தன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடி என்று தென்னையை நம்பி வாழ்ந்த ஊர்கள் இரவோடு இரவாக மொட்டையாயின. லட்சக்கணக்கான தென்னைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மின்வாரிய ஊழியர்கள், தீயணைப்பு வீரர்கள், உள்ளாட்சிப் பணியாளர்கள், கூலிக்கு வந்தவர்கள், கடைசியில் தோப்புக்காரரே கடன் வாங்கி வாங்கிய மெஷினோடு. அவர்கள் உழைத்த உழைப்பைப் பற்றி இரண்டு பேச்சு இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் ஒரு சாலைகூடத் திறந்திருக்காது. ஆனால் அவர்களில் எத்தனை பேருக்கு அந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தபிறகு மெஷினைக் கையில் கொடுத்தார்கள்? ஐரோப்பாவில் மூன்று படி ஏறியவருக்கு மட்டும் கொடுக்கும் வேலை, டெல்டாவில் மெஷின் வாங்கிய முதல் நாளே தொடங்குகிறது. அதுவும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு, சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்கு நடுவில்.

தென்னைக்கு ஒரு தனிக் குறிப்பு சொல்ல வேண்டும். ஐரோப்பியப் பாடப்புத்தகத்தை அப்படியே மொழிபெயர்த்தால் போதாது என்பதற்கு அதுதான் சாட்சி. தேக்கு, வேம்பு, புளி மாதிரி தென்னைக்கு ஆண்டு வளையங்கள் கிடையாது. அது புல் இனத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஜாதி. வெளிப்புறம் இரும்பு, உள்ளே பஞ்சு. நாலு சென்டிமீட்டர் கீல் என்று ஊசியிலை மரத்துக்குச் சொல்லும் கணக்கு தென்னையில் அதேபோல நடந்துகொள்ளும் என்று நம்ப முடியாது. சங்கிலியின் பல்லும் சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய சங்கிலி சில்லுகளைத் தள்ளாமல் மாவு மாதிரி தூள் கொட்டும். வெட்டுபவர் மேலும் அழுத்துவார், அழுத்தும்போது கால் தடுமாறும். அதனால்தான் பல நல்ல பயிற்சிகளில் முதலில் மரத்தைத் தொடவே விடமாட்டார்கள். மெஷினைக் கழற்றித் துடைத்து, அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தீட்டி மாட்டுவதிலேயே பொழுது போய்விடும். உள்ளூர் மரங்களுக்கு உள்ளூர்ப் பாடம் எழுத வேண்டும். அதை எழுத வேண்டியவர்கள் வேளாண் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களும் பட்டுக்கோட்டைப் பக்கத்து மரம்வெட்டிகளும், ஒரே மேஜையில் உட்கார்ந்து.

அரசாங்கங்களுக்குச் செயின்சா என்றால் வேறு ஒரு கவலைதான் முதலில் வருகிறது, காடு. பிலிப்பைன்ஸ் 2002இல் செயின்சாவுக்கென்றே ஒரு சட்டம் போட்டது. மெஷினை வைத்திருக்கவும் விற்கவும் இறக்குமதி செய்யவும் அனுமதி வேண்டும். இலங்கையிலும் 2019இல் இறக்குமதியைத் தடுக்கவும், இருக்கும் மெஷின்களைப் பதிவு செய்யவும் நடவடிக்கை எடுத்தார்கள். காட்டுக் கொள்ளையைத் தடுக்க இவை உதவலாம், தப்பில்லை. ஆனால் இவை மெஷினுக்குப் போடும் நம்பர், அதைப் பிடிக்கும் கைக்கு இல்லை. ஆர்.சி. புத்தகம் இருந்தால் போதும், லைசென்ஸ் வேண்டாம் என்பதுபோல.

பாதுகாப்பு உடையைப் பற்றிப் பேசினால் உடனே ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். செயின்சா கால்சட்டை என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் நீளநீளமான நார்கள் அடுக்கடுக்காக இருக்கும். சங்கிலி துணியைக் கிழித்தவுடன் அந்த நார்கள் இழுபட்டுப் பல்சக்கரத்தில் சுற்றி, மெஷினை அப்படியே நிறுத்திவிடும். அருமையான யோசனை. ஆனால் அது பனி பெய்யும் நாட்டுக்குத் தைத்தது. சித்திரை வெயிலில் தஞ்சாவூரில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வேலை செய்தால் சங்கிலி தொடாமலே ஆள் விழுந்துவிடுவார். அதனால் முன்பக்கம் மட்டும் கட்டிக்கொள்ளும் கால் மறைப்பு, ஹெல்மெட், கண்ணுக்கு வலை, காதுக்கு மூடி, நல்ல பூட்ஸ், வேலைக்கு நடுவே கட்டாய ஓய்வு என்று இந்த மண்ணுக்கு ஏற்றபடி வகுக்க வேண்டும். ஒன்றுமே வேண்டாம் என்பதற்கு வெயில் ஒரு சாக்காகிவிடக் கூடாது.

அடுத்த எதிர்ப்பு இதைவிடக் கனமானது. தினக்கூலிக்காரர் நாலு நாள் வகுப்பில் உட்கார்ந்தால் அந்த நாலு நாள் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? சான்றிதழ் கட்டாயம் என்று சட்டம் போட்டால், சான்றிதழ் வாங்க முடியாத ஏழை மரம்வெட்டிதான் முதலில் வேலையை இழப்பார், காண்டிராக்டர் எப்படியோ ஒரு சான்றிதழை ‘ஏற்பாடு’ செய்துகொள்வார். இந்தப் பயம் வீண் பயம் இல்லை. அமெரிக்காவில் 1995இலிருந்து நடைமுறையில் இருக்கும் மரம்வெட்டும் தொழில் விதியில் இதற்கு ஒரு வரி உண்டு. பயிற்சிச் செலவு தொழிலாளியின் தலையில் விழக் கூடாது, வேலை கொடுப்பவர்தான் ஏற்க வேண்டும். முதலுதவிப் பயிற்சியும் அதில் சேர்த்தி. இங்கே அதோடு படிக்கும் நாட்களுக்குக் கூலியும் சேர்த்துக் கொடுத்தால்தான் வகுப்புக்கு ஆள் வரும். சட்டத்தை முதலில் போட்டுவிட்டு வகுப்பைப் பிறகு யோசிப்பது தலைகீழ். முதலில் வகுப்பு, அடுத்து அரசு வேலைகளுக்கு மட்டும் சான்றிதழ், மற்றவர்களுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பயிற்சி மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சொன்னால் அதுவும் பொய். நியூசிலாந்தில் 2013இல் மட்டும் காட்டுத் தொழிலில் பத்துப் பேர் இறந்தார்கள். அது பயிற்சியே இல்லாத நாடு ஒன்றுமில்லை. அடுத்த வருஷம் வெளிவந்த சுயேச்சையான ஆய்வறிக்கை நீண்ட வேலை நேரம், களைப்பு, காண்டிராக்ட் முறையின் நெருக்கடி என்று பலவற்றையும் சேர்த்தே குற்றம் சொன்னது. புயலுக்குப் பிறகு பதினாறு மணி நேரம் மெஷினைப் பிடித்த கைக்கு எந்தச் சான்றிதழும் கைகொடுக்காது. ஆனால் பயிற்சி பெற்றவருக்கு ஒரு வசதி உண்டு. ‘இந்த மரத்தை இப்போது வெட்ட முடியாது, கிரேன் வரட்டும்’ என்று அதிகாரியிடம் சொல்ல அவருக்குக் காரணம் தெரியும். பயிற்சி இல்லாதவர் அதையே சொன்னால் பயந்தாங்கொள்ளி என்பார்கள்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கனவு என்று ஒதுக்குபவர்களுக்கு உள்நாட்டிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. தேங்காய் பறிக்க ஆள் கிடைக்காமல் கேரளம் தவித்தபோது, தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. வேலையில்லாத இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் ஆறு நாள் பயிற்சி, மரமேறும் கருவி, விபத்துக் காப்பீடு. பரம்பரையாக ஏறியவர்கள் மட்டுமே ஏறலாம் என்றிருந்த மரத்தில், ஆறு நாள் படித்துவிட்டுப் பெண்கள் ஏறி இறங்கினார்கள். மரமேறுவதைப் போய் வகுப்பில் படிப்பதா என்று அப்போதும் சிலர் சிரித்திருப்பார்கள். ஏறுவதற்கு அப்படி ஒரு வகுப்பு நடத்த முடிந்த வாரியங்களும் துறைகளும் உள்ள நாட்டில், வெட்டுவதற்கு நடத்த முடியாது என்று சொல்ல முடியுமா?

பழகுவதற்குத் தோப்பும் இருக்கிறது. கடலூர், விழுப்புரம் பக்கம் சவுக்கு எப்படியும் வெட்டத்தான் போகிறார்கள். மெலிந்த, நேரான, கூட்டமாக நிற்கும் மரம். முதல் கீலை விட்டுப் பழக அதைவிடத் தோதான மரம் கிடையாது. ஊருக்குப் பக்கத்திலேயே ஐ.டி.ஐ.க்கள் இருக்கின்றன, மெஷினைக் கழற்றி மாட்டும் பாடத்தை அங்கேயே நடத்திவிடலாம். முதல் தொகுதியில் மாணவர்களாக வர வேண்டியவர்கள் பேரூராட்சி, நகராட்சிப் பணியாளர்களும் மின்வாரிய ஊழியர்களும், கூடவே அந்தந்த வட்டாரத்தில் பேர் சொல்லும் மரம்வெட்டிகள் இரண்டு மூன்று பேரும். அந்த மரம்வெட்டிகள்தான் இரண்டாவது தொகுதிக்குப் பயிற்றுநர்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஜூலையில் வகுப்பை ஆரம்பித்தால் மூன்று மாதம் கையில் இருக்கிறது.